நாற்பது என்றால் நாற்பது

பாலில் எண் உயர்ந்தால் கொழுப்பு உயர்வு; பரீட்சையில் எண் உயர்ந்தால் அறிவு உயர்வு; ஆகவே ரத்தத்தில் எண் உயர்ந்தால் ஆரோக்கியம் உயர்வு. மருத்துவ உலகின் கண்ணில் இதுவரை படாத இந்த உண்மையை 1984 சித்திரையில் கண்டுபிடித்தவர், திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு பால் சங்கத்தின் தலைவரான சென்னிமலை.

அவர் மனைவி சௌந்திரத்துக்குத் தைராய்டு சரியாகச் சுரக்கவில்லை. சேலம் ஃபேர்லேண்ட்ஸ் டாக்டர் தினமும் மாத்திரை சாப்பிடச் சொல்லி, மறுபரிசோதனைக்கு ரத்தமும் எடுத்து மெட்ராசுக்கு அனுப்பியிருந்தார். முடிவு தபாலில் நேரே தலைவருக்கு வந்தது. டி.எஸ்.எச். நாற்பது. இருக்கவேண்டியது ஐந்துக்குள்.

தலைவர் 'அவசரக் கூட்டம்' கூட்டினார். செயலாளர் குமாரசாமி காகிதத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கும்பிட்டார்.

"அஞ்சு இருக்கற எடத்துல நாப்பதுங்க தலைவரே! நம்ம சங்கத்துல எந்த எருமையும் இப்படிச் சுரந்ததில்லீங்க."

"அப்ப மாத்திரை எதுக்கு? நிறுத்திப்போடலாம்."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. சௌந்திரத்துக்குப் பாராட்டும் தெரிவிக்கப்பட்டது. கத்திரி வெயிலில் இரண்டு கம்பளியைப் போர்த்திக்கொண்டு நடுங்கிக் கிடந்ததால் அவரால் நேரில் வந்து பாராட்டைப் பெற்றுக்கொள்ள முடியவில்லை.

"ஏனுங்க, எனக்கு எந்திரிக்கவே முடியலீங்க" என்றார், கரகரத்த குரலில்.

"ரிப்போர்ட்டுல நாப்பது இருக்குது புள்ள. முடியும்."

சௌந்திரமும் நம்பினார். முகம் வீங்கியது, தலைவர் அதைப் பூரிப்பு என்றார். முடி கொட்டியது, சூடு என்றார். ஒரு காலையில் எவ்வளவு உலுக்கியும் சௌந்திரம் கண் திறக்கவில்லை. பால் வண்டியிலேயே கிடத்திச் சேலத்துக்கு ஓட்டினார்கள்.

டாக்டர் உயிரைப் பிடித்து நிறுத்தினார். பிறகு தலைவரை உட்கார வைத்தார்.

"இந்த எண்ணு தைராய்டே இல்லீங்க. தைராய்டு வேலை செய்யலேன்னா, மூளைக்கு அடியில இருக்கற ஒரு சுரப்பி அதை 'சுரடா'ன்னு அதட்டுது. அந்த அதட்டல்தான் இது. நாப்பதுன்னா மாத்திரை பத்தலேன்னு அர்த்தம். கூட்டியிருக்கணும். நிறுத்தச் சொன்னது யாரு?"

"ஏகமனதாத்தானுங்க முடிவு பண்ணினம்."

மாத்திரை மீண்டும் தொடங்கியது. ஐப்பசிக்குள் சௌந்திரம் தெளிந்து எழுந்து, மாட்டையும் ஆட்களையும் தானே மேய்க்கத் தொடங்கினார். புதிய முடிவும் வந்தது: மூன்று.

வாசலில் தலைவரும் செயலாளரும் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தனர். டாக்டர் சொன்னது மூளைக்குப் புரிந்திருந்தது, மனசுதான் கேட்கவில்லை.

"நாப்பதுல இருந்து மூணுங்க தலைவரே. பெரிய வீழ்ச்சி."

"இருந்தாலும் இவ்வளவு எறங்கியிருக்க வேண்டாம்."

பால் வாளியோடு வந்த சௌந்திரம் நின்றார்.

"காயிதத்துல எண்ணு எறங்கினதுக்கு இத்தனை துக்கமுங்களா? நான் எறங்கிட்டுக் கெடந்தப்ப நீங்க ரெண்டு பேரும் எங்கீங்க போயிருந்தீங்க?"

பொய் சொல்லிப் பழக்கமில்லாத தலைவர் உண்மையைச் சொன்னார்.

"உனக்காகத்தான் புள்ள, கூட்டத்துல இருந்தம்."