நிலக்கரி ரயிலும் நான் வரைந்த தகரக் கூண்டும்

பெரம்பலூர்க்காரனை ரயில் சம்பந்தப்பட்ட வேலையில் சேர்க்கவே கூடாது. எங்கள் ஊருக்கு இன்றுவரை ரயில் கிடையாது. (தேர்தலுக்குத் தேர்தல் வரும். ஓட்டு எண்ணி முடித்ததும் போய்விடும்.) அப்படிப்பட்ட ஊரில் பிறந்து, மெக்கானிக்கல் படித்து, அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் இன்ஜினியராகச் சேர்ந்தவன் நான். சரக்கு ரயில் ஆலைக்குள் வந்து நிற்கிற சைடிங்தான் என் பொறுப்பு.

நிலக்கரித் தூசு பறந்து பக்கத்துத் தெருவில் காயப்போட்ட துணியெல்லாம் கறுக்கிறது என்று புகார் வந்தது. தண்டவாளத்தின் மேல் ஒரு தகரக் கூண்டு கட்ட முடிவானது. ரயில் அதற்குள் நுழைந்து மறுபக்கம் வரும். தூசைக் குழாய் உறிஞ்சிக்கொள்ளும். படம் நான் வரைந்தேன். மேலே இருந்தவர்கள் கையெழுத்துப் போட்டார்கள். கூண்டு எழும்பியதும் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்து வாட்ஸ்அப்பில் வைத்துக்கொண்டேன்.

கூண்டுக்குள் முதல் ரயில் நுழைய வேண்டிய அதே நாளில், ஆண்டிமடத்தில் எனக்குப் பெண் பார்க்க ஏற்பாடு செய்துவிட்டார்கள். முதல் ரயிலை விட்டுவிட்டு எப்படி வருவது என்று அம்மாவிடம் கேட்டேன். ரயில் நாளைக்கும் வரும், முகூர்த்த நாள் வராது என்று சொல்லிவிட்டாள்.

பெண் பெயர் தமிழரசி. பள்ளியில் கணக்கு டீச்சர். கூடம் நிறைய உறவுக்காரர்கள் உட்கார்ந்து எங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருக்க, எங்களைப் பேசச் சொன்னார்கள். என்ன வேலை என்று அவள் கேட்டாள். எனக்கு வேண்டியது அதுதான். டீப்பாய் மேல் கிடந்த செய்தித்தாளின் ஓரத்தில் ஒரு சரக்குப் பெட்டியை வரைந்து, அதைச் சுற்றி ஒரு கோடு போட்டேன். எந்தப் பெட்டியும், அதன் சுமையும் இந்தக் கோட்டைத் தாண்டி வெளியே நீட்டக் கூடாது என்று விளக்கினேன். அதற்கு வெளியே, கொஞ்சம் தள்ளி, இன்னொரு கோடு. எந்தக் கட்டடமும், கம்பமும் இந்தக் கோட்டுக்குள் வரக் கூடாது.

என் அம்மா பெருமையாகச் சுற்றிலும் பார்த்தாள். தமிழரசி செய்தித்தாளைத் தன் பக்கம் திருப்பினாள்.

"ரெண்டு கோட்டுக்கும் நடுவுல என்ன இருக்கும்?"

"ஒண்ணும் இருக்காதுங்க. காலியா இருக்கணும். வண்டி ஆடும், குலுங்கும், எதாவது கதவு லேசா தொறந்திருக்கும். அதுக்குத்தான் அந்த எடம்."

சொல்லி முடித்தபோதுதான் எனக்கே உறைத்தது. என் கூண்டின் தகரத்தை நான் எந்தக் கோட்டின் மேல் நிறுத்தினேன்? கண்ணை மூடினால் படம் அப்படியே தெரிந்தது. உள்கோடு. கட்டடத்துக்கான கோட்டை விட்டுவிட்டு, வண்டிக்கான கோட்டை எடுத்துக் கூண்டு கட்டியிருக்கிறேன். சட்டை தைக்க எடுத்த அளவில் ஆளுக்கு வாசப்படி வைத்த மாதிரி.

கூண்டின் வாயில் தகரத்தை ஒட்டி ஒரு மேடை உண்டு. சூப்பர்வைசர் செல்வராசு அண்ணன் அதில் நின்றுதான் கொடி காட்டுவார்.

எழுந்து வாசலுக்கு ஓடினேன். செல்வராசு அண்ணனைக் கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. (உறிஞ்சும் மெஷின் ஓடினால் அங்கே இடி விழுந்தாலும் கேட்காது.) ஆபீஸில் எடுத்த பையன், ரயில் அரியலூர் ஸ்டேஷனில் நிற்கிறது, எப்போது வேண்டுமானாலும் உள்ளே வரும் என்றான். நிறுத்தச் சொன்னேன். யார் சொன்னதாகச் சொல்வது, எழுத்தில் கொடுக்க முடியுமா என்று கேட்டான்.

நாங்கள் வந்த வாடகைக் கார் டிரைவரைக் காணவில்லை. எனக்கு வியர்த்து ஊற்றுவதைப் பார்த்துவிட்டுப் பெண்ணின் அப்பாவே முந்திரி ஏற்றும் குட்டி யானை வண்டியைக் கிளப்பினார். பின்னால் மூட்டைகள் அப்படியே இருந்தன. ஜெயங்கொண்டம் தாண்டும்வரை நான் போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. கொஞ்சம் வேகமாகப் போகலாமா என்று கேட்டேன். அவர் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்:

"தம்பி, பொண்ணு புடிக்கலன்னா நேரா சொல்லிடலாம். எதுக்கு ரயிலு மேல பழியப் போடுறீங்க?"

புடிச்சிருக்குங்க என்றேன். அழுதுகொண்டே சொன்னதால் அவர் நம்பவில்லை.

ஆலைக்குப் போகிற தண்டவாளம் ரோட்டைக் குறுக்கே வெட்டும் இடத்தில் கேட் மூடியிருந்தது. எங்கள் கண் முன்னால் நிலக்கரிப் பெட்டிகள் ஒவ்வொன்றாக மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தன. எஞ்சின் ஏற்கெனவே உள்ளே போய்விட்டது. ஒவ்வொரு பெட்டியும் எனக்கு யானை அளவுக்குத் தெரிந்தது. மறுபடி போன் போட்டேன். இந்தத் தடவை செல்வராசு அண்ணன் எடுத்துவிட்டார்.

"சொல்லுங்க தம்பி, என்ன இத்தன தடவ…"

அவ்வளவுதான். ஒரு பெரிய கிழிசல் சத்தம். ரயிலே ஒரு தடவை கத்தியது போல இருந்தது. போன் செத்துவிட்டது. எங்கள் முன்னால் பெட்டிகள் ஒன்றோடொன்று இடித்துக் கடகடவென்று நின்றன.

பட்டு வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு தண்டவாளத்தின் ஓரமாக ஓடினேன். பெண்ணின் அப்பாவும் பின்னால் ஓடி வந்தார். செல்வராசு அண்ணனின் மனைவியை, பிள்ளைகளை எனக்குத் தெரியும். பெரிய பையன் காது குத்துக்குப் போய்ச் சாப்பிட்டிருக்கிறேன். அந்த வீட்டில் போய் என்ன சொல்வேன் என்பதைத் தவிர வேறு நினைப்பே வரவில்லை. கால் ஓடியது, நான் ஓடவில்லை.

கூண்டின் ஒரு பக்கம் வாழை இலை மாதிரி கிழிந்து, மேடையின் மேல் மடங்கிக் கிடந்தது. எஞ்சின் நூலிழையில் தப்பியிருக்கிறது. பின்னால் வந்த ஒரு பெட்டியின் கதவு கொக்கி சரியாக விழாமல் லேசாக வெளியே தள்ளியிருந்ததாம். அது தகரத்தைக் கவ்வி இழுத்துவிட்டது. சுற்றிலும் கரித்தூசு. அதற்குள்ளிருந்து தலை முதல் கால்வரை கறுத்த ஓர் உருவம் நடந்து வந்தது.

"இங்கதான் இருக்கேன் தம்பி. உள்ள ஒண்ணும் கேக்கலன்னு வெளிய வந்து எடுத்தேன். போன் கீழ வுழுந்து ஒடஞ்சிருச்சு. ஆமா, எதுக்குக் கூப்புட்டீங்க?"

அவரைக் கட்டிப்பிடித்து, சைடிங் ஆட்கள் மொத்தப் பேரும் பார்க்க, சின்னப் பிள்ளை மாதிரி ஓவென்று அழுதேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், பெண்ணின் அப்பா வெள்ளைச் சட்டையெல்லாம் கரியாக, தன் துண்டால் என் முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தார். துண்டும் கறுப்பு, முதுகும் கறுப்பு.

விசாரணையில் நான் கோடு மாறியதைச் சொன்னேன். வேலை போகவில்லை. கூண்டைப் பிரித்து வெளிக்கோட்டில் நிறுத்தினார்கள். படத்தை மட்டும் வேறொருவர் வரைந்தார். கல்யாணம் நடந்தது. ஏன் சம்மதித்தாய் என்று தமிழரசியிடம் ஒரு நாள் கேட்டேன். வேலையைப் பற்றிப் பெருமை பேசின மாப்பிள்ளைகள் நிறையப் பேர் வந்தார்கள், பயந்து ஓடினது நீங்கள் ஒருவர்தான் என்றாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஜன்னல் திரையிலிருந்து மகளின் யூனிஃபார்ம் வரை தனியாக அளக்கிற உரிமை எனக்கு இல்லை. போன மாதம் மாடி அறைக்குக் கட்டில் வாங்கினோம். மாடிப்படி அகலத்தை நான் அளந்து சொன்னேன். கட்டில் வாசலுக்கு வந்து நிற்கிறது, தூக்க ஆள் நிற்கிறது, ஆண்டிமடத்திலிருந்து மாமனார் போன் வந்தது.

"மாப்ள, ரெண்டாவது தடவ யாரு அளந்தா?"

"தமிழுதான் மாமா."

"அப்ப ஏத்தச் சொல்லுங்க" என்றார்.