கூரை ஏறிய ஸ்ட்ரைக்கர்

இந்த வருடம் ஆகஸ்ட் பதினேழாம் தேதி, என் மனைவியின் நைட்டியைப் போட்டுக்கொண்டு நான் தோற்கப் போவதில்லை என்று முடிவு செய்தேன்.

அவசரப்பட்டு ஏதும் நினைத்துக்கொள்ளாதீர்கள். அன்று எங்கள் நாட்டின் சுதந்திர தினம். அந்த நாளில் எங்கள் ஊரான கெடிரியில் ஆண்கள் எல்லாரும் மனைவியின் நைட்டியைப் போட்டுக்கொண்டுதான் கால்பந்து ஆடுவோம். தலையில் முக்காடு தனி. எங்கள் மூன்றாம் தெருவுக்கும் நான்காம் தெருவுக்கும் போட்டி. ஆட்டம் முடிந்ததும் இரண்டு தெருவுக்கும் சேர்த்து விருந்து. தோற்ற தெருவின் ஆண்கள் விருந்துப் பாத்திரம் அத்தனையும் தேய்க்க வேண்டும்.

மூன்று வருடமாக நாங்கள்தான் தேய்க்கிறோம். எங்கள் ஊரில் மரியாதைக்கு ஆண்களை 'பாக்' என்றும் பெண்களை 'இபு' என்றும் சொல்வோம். நான்காம் தெரு அணித் தலைவர் பாக் ஜுமாடி பக்கத்திலேயே நின்றுகொண்டு, பல்லைக் குத்தியபடி, "பாக் டோயோ, அந்த அண்டா அடியில கொஞ்சம் கரி இருக்கு பாருங்க" என்பார். அண்டாவை விட்டுவிட்டு அந்த மனிதரைத் தேய்க்கலாமா என்று கை பரபரக்கும்.

எங்கள் அணிக்கு நான்தான் தலைவன், நான்தான் மேலாளன், நான்தான் ஸ்ட்ரைக்கர். மூன்று பதவியும் எனக்கு நானே கொடுத்துக்கொண்டது. கோல் மட்டும் இதுவரை யாரும் கொடுக்கவில்லை.

யோசனை பிறந்தது காப்பிக் கடையில். வழக்கம்போல எங்கள் ஊர்க் கிளப்புக்கு யாரை வாங்குவது என்று நாங்களே முடிவு செய்துகொண்டிருந்தோம். கிளப் எங்களைக் கேட்பதில்லை. அதற்காக நாங்கள் சொல்லாமல் விடுவதில்லை.

"இந்த சீசன் ஒரு பிரேசில்காரன் வந்தே ஆகணும்" என்றேன்.

"போன சீசன் வந்தவன் என்ன கிழிச்சான்?" என்றார் பாக் கஸ்னான். ஓய்வுபெற்ற தபால்காரர். எங்கள் தெருவின் கோல்கீப்பர். "முட்டியில ஐஸ் வெச்சுக்கிட்டு மூலையில உக்காந்திருந்தான். அவன் பந்தைத் தொட்டதைவிட ஐஸைத் தொட்டதுதான் ஜாஸ்தி."

"அது அவன் நேரம்."

"நம்ம பசங்க நேரம் எப்போ வரும்? அந்த ஹென்ட்ராவைப் பாரு. பதினெட்டு வயசு. இடது கால்ல பந்து ஒட்டிக்குது. அவனை பெஞ்சுல உக்கார வெச்சு உக்கார வெச்சு, பெஞ்சு தேஞ்சதுதான் மிச்சம். பத்து மேட்ச் இறக்கிவிடு. தானா கோல் போடுவான்."

"பத்து மேட்ச் இறக்கிவிட்டா நாம கீழ் டிவிஷனுக்கு இறங்கிடுவோம்!"

"இறங்கினாலும் நம்ம பசங்களோட இறங்குவோம்! உள்ளூர்த் திறமையை வளர்க்கணும்யா!"

"வளர்க்கறதுக்கு அது என்ன கொய்யாச் செடியா? நம்ம தெருவையே எடுத்துக்குங்க. மூணு வருஷமா உள்ளூர் ஸ்ட்ரைக்கரைத்தான் ஆட வெக்கிறோம். ஒரு கோல் விழுந்துச்சா?"

சொல்லி முடித்த பிறகுதான் அந்த உள்ளூர் ஸ்ட்ரைக்கர் யார் என்று நினைவு வந்தது. கடையே சிரித்தது. காப்பி ஆற்றுகிற அம்மாள்கூட.

சிரிக்கட்டும். நான் வாங்க வேண்டிய ஆளை அந்த நிமிடமே முடிவு செய்துவிட்டேன்.

ட்ரிஸ்னோ. துபான் ஊர்க்காரன். இருபத்தாறு வயது. மூன்றாம் டிவிஷனில் ஆடியவன். இப்போது நான் கணக்கு எழுதும் சிமெண்ட் கிடங்கில் மூட்டை ஏற்றுகிறான். ஒரு வாரம் லீவு வாங்கித் தருகிறேன், மூன்று வேளைச் சாப்பாடு போடுகிறேன் என்றேன். பையன் சாப்பாடு என்ற சொல்லிலேயே கையெழுத்துப் போட்டுவிட்டான்.

அடுத்தது சட்டம். விழாக் குழுக் கூட்டத்தில் எழுந்து, வெகு சாதாரணமாக ஒரு விதியை முன்மொழிந்தேன். ஆட்டத்துக்கு முந்தின ராத்திரி ஒருவன் எந்த வீட்டில் படுத்தானோ, அந்த வீட்டு அம்மாள் தன் கையால் நைட்டி எடுத்துக் கொடுத்தால், அவன் அந்தத் தெரு ஆள். பாக் ஜுமாடி வாய் நிறைய வாழைக்காய்ப் பஜ்ஜியோடு தலையை ஆட்டினார். கவனிக்கவே இல்லை என்று நினைத்து உள்ளுக்குள் துள்ளினேன்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு தடை. அது என்னோடு இருபது வருடமாகக் குடித்தனம் நடத்துகிறது. பெயர் வினார்சி.

போன வருடம் பயிற்சி முகாம் என்று மொத்த அணியையும் எங்கள் வீட்டில் சாப்பிட வைத்தேன். பயிற்சி நடந்ததோ இல்லையோ, சாப்பாடு நடந்தது. அன்றைக்கு அவள் ஓர் உத்தரவு போட்டாள்: "இனிமே பந்து உதைக்கிற எவனும் இந்த வாசப்படி மிதிக்கக் கூடாது. உங்களை மட்டும் விடறேன். நீங்கதான் உதைக்கறதே இல்லையே."

ஆகவே ஒரு சின்னப் பொய். எங்கள் சமையலறைக் கூரை இரண்டு மழைக்காலமாக ஒழுகுகிறது. ஆள் பார்க்கச் சொல்லிச் சொல்லி அவள் ஓய்ந்துபோயிருந்தாள். ட்ரிஸ்னோவைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினேன்.

"வின், ஓடு மாத்தற ஆள். கெட்டிக்காரர். ஒரு வாரம் இங்கேயே தங்கி வேலை முடிச்சுக் கொடுப்பார்."

வினார்சி அவனை மேலிருந்து கீழே பார்த்தாள். கீழே போன பார்வை கெண்டைக்காலில் நின்றது.

"கூரை வேலை பாக்கறவருக்கு கால் இப்படியா இருக்கும், மாஸ்?"

எங்கள் ஊரில் எல்லா மனைவிகளும் கணவனை 'மாஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தச் சொல்லில் உள்ள மிடுக்கில் பாதியாவது அவள் குரலில் வர வேண்டும் என்று நானும் காத்திருக்கிறேன்.

"ஏணி ஏறி ஏறி அப்படி ஆயிடுச்சு" என்றேன்.

"கருவி ஒண்ணையும் காணோமே?"

"நல்ல வேலைக்காரனுக்குக் கைதான் கருவி."

"காலு" என்றான் ட்ரிஸ்னோ. அந்தக் காலை மிதித்தேன். ஆட்டத்துக்கு வேண்டிய கால் என்பதால் மெதுவாகத்தான் மிதித்தேன்.

"சரி, ஏறுங்க தம்பி" என்றாள் வினார்சி.

ஏறினான். இறங்கவே இல்லை. காலையில் நான் விசில் ஊதி மைதானத்துக்குக் கூப்பிட்டால், "வேலை பாக்கறவரைத் தொந்தரவு பண்ணாதீங்க மாஸ்" என்று அவள் குரல் வரும். மாலையில் ஊதினால் குளியலறைக் கதவுக்குக் கீல் மாட்டிக்கொண்டிருப்பான். அடுத்த நாள் கோழிக்கூண்டு. அதற்கடுத்த நாள் தண்ணீர்த் தொட்டி. கூரைமேல் அவன் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஓடுவதைப் பார்த்து, சரி, இதுவும் பயிற்சிதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஒவ்வொரு முறை அவன் இறங்கும்போதும் அவன் தட்டில் டெம்பே என்கிற சோயா வறுவல் மலைபோல இருக்கும். என் தட்டில் இரண்டு துண்டு.

"எனக்கு?" என்றேன் ஒருநாள்.

"நீங்க எந்தக் கூரை ஏறினீங்க?"

பதினாறாம் தேதி மாலை. குழுக் கூட்டம் முடித்துச் சீட்டியடித்தபடி வீட்டுக்கு வந்தேன். ட்ரிஸ்னோவைக் காணோம்.

"பையன் எங்க?"

"இபு ரெத்னோ வீட்டுக்கு அனுப்பிட்டேன்" என்றாள் வினார்சி, வெங்காயம் நறுக்கிக்கொண்டே.

"எந்த ரெத்னோ?"

"நான்காம் தெரு ரெத்னோதான். பாக் ஜுமாடி வீட்டம்மா. அவங்க கூரையும் ஒழுகுதாம். நம்ம கூரையைப் பாத்துட்டு, 'அடடா, எவ்வளவு நேர்த்தி'ன்னு ஒரே புகழ்ச்சி. ரெண்டு நாள் அங்க தங்கி முடிச்சுக் கொடுங்க தம்பின்னு அனுப்பி வெச்சேன்."

"தங்கியா!"

"விடிஞ்சதும் ஆரம்பிக்கணும்ல?"

"வின், அவனை உடனே திரும்பக் கூப்பிடு!"

"ஏன்?"

அண்ணாந்து கூரையைப் பார்த்தேன்.

"நம்ம கூரை..."

"முடிஞ்சுது."

"கதவு?"

"முடிஞ்சுது."

"கோழிக்கூண்டு?"

"கோழியே குடிவந்தாச்சு. என்ன மாஸ், முகம் வெளுக்குது? ஓடு மாத்தறவர் ஓடு மாத்தற இடத்துக்குத்தானே போவார்? வேற ஏதாவது வேலைக்காகவா கூட்டிட்டு வந்தீங்க?"

கண்களில் அப்படி ஒரு வெள்ளை மனசு. உண்மையைச் சொன்னால் சாயங்காலச் சோறு போய்விடும். சொல்லாவிட்டால் ஆட்டம் போய்விடும். எனக்குப் பசித்தது.

"சேச்சே, இல்லை" என்றேன்.

சாப்பிட்டுவிட்டு நான்காம் தெருவுக்கு ஓடினேன். ட்ரிஸ்னோ பாக் ஜுமாடி வீட்டு முன்னறையில் கறிக்குழம்பில் மூழ்கியிருந்தான்.

"வாங்க வாங்க பாக் டோயோ!" என்று பாக் ஜுமாடி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "ஒரு வாரமா உங்க கூரையைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். ஓட்டு மேலயே இந்த ஓட்டம் ஓடறவர், புல்லு மேல எப்படி ஓடுவார்! தம்பி இன்னைக்கு இங்கதான் படுக்கறார். ரெத்னோ நைட்டி எடுத்து வெச்சுட்டா. நல்ல சட்டம் போட்டீங்க. இப்படி ஒரு யோசனை எனக்கு வரவே வராது."

பஜ்ஜி வாயில்தான் இருந்திருக்கிறது. காது காலியாகத்தான் இருந்திருக்கிறது.

ட்ரிஸ்னோவைத் தனியே இழுத்தேன். "டேய், எழுந்து வாடா. நான் கூப்பிடறேன்."

"எப்படிங்க பாக் வர்றது? இபு வினார்சி இங்க போகச் சொன்னாங்க."

"நான்தான்டா உன்னைக் கூட்டிட்டு வந்தேன்!"

"அவங்க ஒரு வேலை சொன்னா நீங்களே செய்யாம இருந்துடுவீங்களா பாக்?"

திரும்பி வந்துவிட்டேன்.

ஆட்டத்தை விவரிக்க எனக்கு மனமில்லை. ஆனாலும் சொல்கிறேன். ஊதா நிற நைட்டியில், கழுத்தில் சுருக்குத் தையலோடு ட்ரிஸ்னோ இறங்கினான். முதல் கோலை வலது காலால் அடித்தான். இரண்டாவதை இடது காலால். மூன்றாவதை, நைட்டியை முழங்காலுக்கு மேல் அள்ளிப் பிடித்துக்கொண்டு தலையால் முட்டினான். நான்காவதை பாக் கஸ்னான் தடுத்தார். தடுத்த பந்தோடு அவரே கோலுக்குள் போனதால் அதுவும் கணக்கில் சேர்ந்தது. நான்காம் தெருப் பெண்கள் குலவை போடாத குறை.

எனக்கும் ஒரு வாய்ப்பு வந்தது. எதிரே காலியான கோல். காலடியில் பந்து. வினார்சி எனக்குத் தந்திருந்தது அவளுடைய ஆகப் பழைய நைட்டி. நல்லதெல்லாம் துவைக்கப் போட்டிருக்கிறதாம். நீளத்தை மடித்துக்கூடத் தைக்கவில்லை. ஓங்கி உதைக்கக் காலைத் தூக்கினேன். இன்னொரு கால் நைட்டியின் ஓரத்தை மிதித்தது. நான் கோலுக்குள் போனேன். பந்து போகவில்லை.

அன்று அண்டாக்கள் முன்பைவிடப் பெரிதாக இருந்தன. ஆட்டுக்கறிக் குழம்பின் எண்ணெய் முழங்கை வரை ஏறியது. சுற்றிலும் இரண்டு தெருவும் கூடி நின்றது. பாக் ஜுமாடி வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொள்ள வேண்டும். மானம் என்று ஒன்று மிச்சமிருந்தால் அது பேச்சில்தான் இருந்தது. தேய்க்கிற தேங்காய் நாரைக் கையில் பிடித்தபடி எழுந்து நின்றேன்.

"பெரியோர்களே! இன்று எனக்குப் புத்தி வந்தது. வெளியாளை நம்பினால் இதுதான் கதி. இன்றைக்கு உன் வீட்டில், நாளைக்கு எதிரி வீட்டில்! இனி இந்தத் தெருவுக்கு வெளியாளே வேண்டாம். உள்ளூர்த் திறமையை வளர்ப்போம். வீட்டில் இருப்பவனை நம்புவோம். அவனுக்கு வேலை கொடுப்போம். தவறு செய்தாலும் பொறுப்போம். தானாகத் தேறிவிடுவான்!"

பாக் கஸ்னான் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இத்தனை வருடத்தில் நான் அவர் கட்சிக்கு வந்தது இதுவே முதல் முறை. கைதட்டல் அடங்கவே இல்லை. ஆண்களைவிடப் பெண்கள் அதிகமாகத் தட்டினார்கள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

கூட்டம் கலைந்த பிறகு வினார்சி வந்தாள். என் நெற்றியிலிருந்த கரியை முந்தானைபோல் தொங்கிய என் முக்காட்டு நுனியாலேயே துடைத்துவிட்டாள்.

"நல்லாப் பேசினீங்க மாஸ். நிஜமாவே மனசைத் தொட்டுது."

நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. நாலு கோல் வாங்கியவன் என்பதே மறந்துபோயிற்று.

"பாவம், தம்பி நாளைக்கே கிடங்குல மூட்டை ஏத்தப் போகணுமாம்" என்றாள்.

"கிடங்கா? உனக்கு எப்படித் தெரியும்?"

"வந்த அன்னைக்கு ஓட்டைக் கையில எடுத்துட்டு, 'இபு, இதுல எந்தப் பக்கம் மேல வரணும்'னு கேட்டாரு. அப்பவே உக்கார வெச்சு விசாரிச்சேன். எல்லாத்தையும் சொல்லிட்டாரு, அந்த முந்தின ராத்திரிச் சட்டம் வரைக்கும். அப்புறம் வேலையை நான்தான் சொல்லிக் கொடுத்தேன். ரெண்டு மழைக்காலம் சட்டி வெச்சுத் தண்ணி பிடிச்சவளுக்கு, ஓடு எங்க நகர்ந்திருக்குன்னு தெரியாதா?"

கையிலிருந்த நாரை அண்டாவில் போட்டேன். இருந்த பேச்சையெல்லாம் கூட்டத்திலேயே தீர்த்துவிட்டிருந்தேன்.

"இப்ப பாருங்க, இபு ரெத்னோ வீட்டு ஓடு பூரா கீழ இறக்கி வெச்சது இறக்கி வெச்சபடி கிடக்கு. வெளியில ஆள் தேடட்டுமான்னு கேட்டாங்க."

"தேடட்டுமே."

"அதெல்லாம் வேணாம், காலையில எங்க வீட்டு உள்ளூர்த் திறமை வந்து ஏறும்னு சொல்லிட்டேன்."