தேசிக்காய் மெஷின் வாங்கிய நோன்பு

எனக்கு எழுத்து வராது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுதத் தொடங்கினால் ஒரு வரி மேலே ஏறும், அடுத்த வரி கீழே இறங்கும். ஞாபகமும் முன்போல இல்லை. அடுப்பில் வைத்ததை மறந்துவிட்டு, தீய்ந்த மணம் வந்த பிறகு ஓடுகிறவள் நான். பக்கத்து வீட்டு டீச்சர் பள்ளிக்கூட மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி மூன்று தரம் கேட்டுவிட்டார். ஒருவருடைய முகத்தைப் பார்த்து "ஏலாது" என்று சொல்ல எனக்கு வராது. (அந்தக் குணத்தால்தான் இந்தக் கதையே நடந்தது.) பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

யுத்தம் முடிந்து இரண்டு மூன்று வருடம் இருக்கும். நாங்கள் மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு உடுத்திய உடுப்போடு வந்து, கற்பிட்டிப் பக்கத்தில் குடியேறி இருபது வருடம் தாண்டியிருந்தது. முகாமும் போய், கிடுகு வீடும் போய், ஓடு போட்ட இரண்டு அறை வீட்டுக்கு வந்துவிட்டோம். ஆனாலும் ஊரில் எங்களுக்குப் பெயர் அகதிதான்.

என் மகள் றிஸானாவுக்குப் புத்தளம் டவுனிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை வீட்டாருக்குத் தென்னந்தோட்டம் இருந்தது, சொந்த வேன் இருந்தது. அவர்களிடம் எங்களைப் பற்றி "அகதிக் குடும்பந்தான், ஆனா நல்ல குடும்பம்" என்று சொல்லி வைத்திருப்பதாகத் தரகர் எங்களிடமே வந்து பெருமையாகச் சொன்னார். அந்த "ஆனா" எனக்குத் தொண்டையில் மீன்முள் மாதிரி நின்றுவிட்டது. சோறு உருட்டி விழுங்கியும் இறங்கவில்லை.

நோன்பு மாதம் பாதியாகும்போது, வருகிற வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் நோன்பு திறக்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். பெண்ணை அவர்கள் ஏற்கெனவே பார்த்தாயிற்று. இது எங்கள் வீட்டையும் எங்கள் கையையும் பார்க்கிற வரவு. இதில் பிசகினால் கலியாணம் இல்லை. றிஸானாவுக்கு அப்போது இருபத்தேழு வயது. இதற்கு முன் வந்த இரண்டு சம்பந்தமும் "அகதி" என்ற சொல்லோடு திரும்பிப் போயிருந்தன.

கஞ்சிக்கும் சம்சாவுக்கும் எனக்குப் பயமில்லை. பயமெல்லாம் தேசிக்காய்த் தண்ணிக்குத்தான். (எலுமிச்சங்காயைத்தான் நாங்கள் தேசிக்காய் என்போம்.) அப்போது நான் கருவாடு போடுகிற வேலைக்குப் போனேன். செட்டை முள் குத்தாத விரல் பத்தில் ஒன்றுகூட இல்லை. அந்தக் காயத்தின் மேல் நாள் முழுக்க உப்பு. அதற்கும் மேல் தேசிக்காய்ச் சாறு பட்டால் எப்படி இருக்கும் என்று பட்டவளுக்குத்தான் தெரியும்.

"உம்மா, உங்கட கையால பிழிஞ்சா கருவாட்டு மணமும் வரும். மெஷின் ஒண்டு வாங்குங்க" என்றாள் றிஸானா.

(மீன் மணம் போவதற்கே தேசிக்காய்தான் தேய்ப்போம். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். கலியாணம் பேசுகிற வீட்டில் ஒருவருக்கும் புத்தி நேராக ஓடாது.)

புதன்கிழமை காலை பஸ் ஏறிப் புத்தளத்துக்குப் போனேன். தனியே கடைக்குப் போய்ப் பழக்கமில்லை. பாத்திரக் கடைக்காரரிடம் என்ன வேண்டும் என்று சொல்ல வாய் வராமல், சட்டி அடுக்குக்குப் பக்கத்தில் அரை மணித்தியாலம் நின்றேன். கடைசியில் அவரே இரங்கிக் கேட்டார். தேசிக்காய் பிழிகிற சாமான் என்று மெல்லச் சொன்னேன். மூன்று விதம் எடுத்து மேசையில் வைத்தார்.

ஒன்று கண்ணாடித் தட்டு. நடுவில் மினாரா மாதிரி வரி வரியாக ஒரு முனை. பாதித் தேசிக்காயை அதன் தலையில் கவிழ்த்துக் கையால் திருக வேண்டும். சாறு விரலில் வழியும் என்பதால் அதை ஓரமாகத் தள்ளினேன். இரண்டாவது மஞ்சள் நிற இடுக்கி. இரண்டு பிடியையும் சேர்த்து அமத்தினால் சாறு ஓட்டை வழியாக வடியும். கைக்கு அடக்கமாக நல்லாகத்தான் இருந்தது. மூன்றாவது இரும்பு மெஷின். ஒன்றரை முழ உயரம், அடியில் நாலு கால், பக்கத்தில் நீளமான ஒரு தண்டு. தண்டை இழுத்தால் மேலிருந்து இரும்புக் குமிழ் இறங்கித் தேசிக்காயை நசுக்கும். அதைப் பார்த்ததும் இது பெரிய வீட்டுச் சாமான் என்று என் மனம் சொன்னது.

கடைக்காரர் நல்ல மனிதர். மூன்றிலும் ஒவ்வொரு தேசிக்காய் வைத்துப் பிழிந்து, மூன்று கிளாஸை வரிசையாக வைத்தார்.

"நோன்பு நேரம், ராத்தா. ருசி பாக்க ஏலாது. கண்ணால பாத்து எடுங்க" என்றார்.

நானும் கண்ணால் பார்த்தேன். இடுக்கியில் பிழிந்த தோலில் இன்னும் ஈரமும் சதையும் இருந்தன. அரைவாசியை உள்ளேயே விட்டுவிட்டதே என்று எனக்குப் பதறியது. இரும்பு மெஷினிலிருந்து வந்த தோலோ கடதாசி மாதிரி இருந்தது. கொட்டைகூட நசுங்கிப் போயிருந்தது. அந்தக் கிளாஸில் மற்றதைவிட ஒரு விரல் சாறு கூட, அதுவும் பாலைப் போலக் கலங்கித் தடிப்பாக.

என்னைக் கேலி செய்யுமுன் ஒன்றைச் சொல்ல வேண்டும். முகாமில் இருந்த முதல் நோன்பில் ஒரு நாள் பாதித் தேசிக்காய்தான் கிடைத்தது. அதைப் பிழிந்து, தோலைத் தண்ணீரில் ஊற வைத்துத் திரும்பவும் பிழிந்து, ஏழு பேர் நோன்பு திறந்தோம். அப்படி இருந்தவளுக்கு, கடைசித் துளிவரை விடாமல் எடுக்கிற மெஷினைக் கண்டால் எப்படி இருக்கும்? கருவாட்டில் சேர்த்து வைத்திருந்ததைக் கொடுத்து அதையே தூக்கிக்கொண்டேன்.

வரும்போது பஸ்ஸில் மடியில் வைத்திருந்தேன். தண்டு பக்கத்துச் சீட்டுவரை நீண்டது. பின்னால் இருந்த மீன்காரர் ஒருவர், இது எந்த மீன்பிடிப் போட்டின் என்ஜின் சாமான் என்று கேட்டார். வெட்கத்தில் "எங்கட போட்டுத்தான்" என்று சொல்லிவிட்டேன். எங்களுக்குப் போட்டே இல்லை. அவர் கற்பிட்டிவரை எனக்கு என்ஜின் பழுது பார்க்கிற விதத்தைச் சொல்லிக்கொண்டு வந்தார். நானும் தலையாட்டிக்கொண்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அஸர் தொழுததும் மெஷினைக் குசினி மேசையில் ஏற்றினேன். நாற்பது தேசிக்காய். யாரையும் கிட்ட விடவில்லை. தண்டில் தொங்கித் தொங்கி இழுத்தேன். ஒரு முறை பிழிந்த தோலைத் திருப்பி வைத்து இன்னொரு முறை. பிறகு எல்லாத் தோலையும் சேர்த்து அடுக்கி மூன்றாம் முறை. அதிலும் நாலு சொட்டு விழுந்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று எழுத. சீனி போட்டு, கசகசா போட்டு, பெரிய ஜக்கில் ஊற்றி மூடி வைத்தேன். நோன்பு திறக்கிற மஃரிபுக்கு இன்னும் இரண்டு மணித்தியாலம் கிடந்தது. கொட்டையும் தோலும் நசுங்கிய சாறு, நிற்க நிற்க என்னவாகும் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

றிஸானா, நுனிநாக்கில் தொட்டுப் பார்த்துத் துப்பிவிடலாமே என்றாள். அப்படிச் செய்ய இடமுண்டுதான். ஆனால் நல்ல காரியம் நடக்கிற நாளில் நோன்புக்கு ஒரு தூசும் படக்கூடாது என்று அவளுக்குப் பெரிய புத்தி சொன்னேன்.

மாப்பிள்ளையின் வாப்பா, உம்மா, மூத்த ராத்தா, மாமா என்று நாலு பேர் வந்தார்கள். பெண்கள் இருவரும் அறைக்குள், ஆண்கள் முன்னறையில் பாய் விரித்து. நான் குசினித் திரைக்குப் பின்னால் நின்றேன். பாங்கு சொன்னது. நான் ஒரு மிடறு பச்சைத் தண்ணியில் நோன்பைத் திறந்தேன். எல்லோரும் ஈச்சம்பழத்தைக் கடித்தார்கள். வீட்டுக்காரர் என்றபடியால் என் மாப்பிள்ளைதான் (நாங்கள் புருசனை அப்படித்தான் சொல்வோம்) முதலில் கிளாஸை எடுத்தார். ஒரே மூச்சில் கடைசிவரை குடித்தார். குடித்துவிட்டு "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

அதைப் பார்த்துச் சம்மந்தியும் குடித்தார். பாதியில் கொஞ்சம் நின்றார், என் மாப்பிள்ளையைப் பார்த்தார், மீதியையும் குடித்தார். மாமாவின் கண்ணில் தண்ணீர் நின்றது. இவ்வளவு ருசித்துக் குடிக்கிறார்களே என்று என் கண்ணிலும் தண்ணீர் வந்தது.

விருந்தாளியின் கிளாஸ் வெறுமையாக இருந்தால் எனக்குப் பொறுக்காது. ஜக்கை றிஸானாவின் தம்பியிடம் கொடுத்து இரண்டாம் முறையும் ஊற்ற வைத்தேன். அறைக்குள் போய்ப் பெண்களுக்கு நானே ஊற்றினேன். "போதும் ராத்தா, போதும்" என்று மாப்பிள்ளையின் உம்மா கிளாஸைக் கையால் மூடினார். மரியாதைக்குச் சொல்கிறார் என்று விரலை விலக்கி ஊற்றினேன். அதோடும் விடவில்லை. அவர்கள் வேனில் ஏறும்போது மிச்சத்தைப் பெரிய போத்தலில் நிரப்பி, விடியமுன் ஸஹருக்குக் குடியுங்கள் என்று மடியிலே வைத்துவிட்டேன்.

வேன் போன பிறகுதான் ஜக்கின் அடியில் கிடந்ததை வாயில் விட்டேன்.

அந்தக் கசப்பை எப்படி எழுதுவது? வேப்பம்பட்டைக் கஷாயத்துக்குச் சீனி போட்ட மாதிரி. நாக்கில் தொடங்கிக் காதுவரை போனது. அடுப்படியில் அப்படியே குந்திவிட்டேன். என் மாப்பிள்ளை வந்து பக்கத்தில் நின்றார்.

"இதையா நீங்க முழுசாக் குடிச்சீங்க? ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே" என்று அழுதேன்.

"நீ திரைக்குப் பின்னால நிண்டு பாத்துட்டு இருந்தாய் புள்ள. எப்படிச் சொல்ற?" என்றார்.

அவர் மௌத்தாகி இப்போது நாலு வருடம். அவரை நினைக்கும்போது எனக்கு முதலில் வருவது அந்தக் கிளாஸைப் பிடித்திருந்த கைதான்.

அதன் பிறகு எட்டு நாள் மாப்பிள்ளை வீட்டிலிருந்து ஒரு கதையும் இல்லை. தரகரும் எங்கள் ஒழுங்கைப் பக்கம் வருவதை விட்டுவிட்டார். றிஸானா என்னை ஒன்றும் கேட்கவில்லை. மெஷினைத் துணியால் மூடி அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டு, தன் பாட்டில் வேலையைப் பார்த்தாள். அவள் சத்தம் போட்டிருந்தால்கூட எனக்கு ஆறியிருக்கும். ஒரு பிள்ளையின் வாழ்க்கையை நாற்பது தேசிக்காயோடு சேர்த்து நசுக்கிவிட்டேன் என்று ஒவ்வொரு தொழுகையிலும் அழுதேன்.

ஒன்பதாம் நாள் பகலில் மாப்பிள்ளையின் உம்மா வந்தார். கையில் அந்தப் போத்தல், கழுவித் துடைத்தபடி. கதிரையில் உட்காரவில்லை, என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

"ராத்தா, மன்னிப்புக் கேக்கத்தான் வந்த. நீங்க தந்தத எங்களால குடிக்க ஏலாமப் போச்சு. தென்னைக்கு ஊத்திட்டோம். நோன்பு நாள்ல தந்தத ஊத்திட்டோமே எண்டு அண்டையில இருந்து மனசு சரியில்ல. என்ன முகத்தோட உங்களுக்கிட்ட வாறது எண்டுதான் இவ்வளவு நாளும் வரல்ல."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவர் தொடர்ந்தார்.

"உங்கட மாப்புள அத ஒரு முகஞ் சுழிப்பும் இல்லாமக் குடிச்சத எங்கட இவர் பாத்திருக்காரு. மன்னார்ப் பக்கம் கசப்புக் குடிச்சுத்தான் நோன்பு திறக்கிற வழக்கம் போல, ஊர விட்டு வந்தும் அத விடாம இரிக்காங்க, அப்புடிப்பட்ட வீட்டுலதான் பொண்ணெடுக்கணும் எண்டாரு. அது உங்கட வழக்கந்தானே ராத்தா?"

வெளியே கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த என் மாப்பிள்ளை இருமினார். அந்த இருமல் "சொல்லு" என்றதா, "சொல்லாதே" என்றதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. வாயில் நோன்பு. கண்முன்னே மகளின் கலியாணம். பக்கத்தில் போத்தலோடு ஒரு நல்ல மனுசி.

"ஓம்" என்றேன்.

நோன்பு பெருநாள் கழிந்து ஒரு மாதத்தில் கலியாணம் நடந்தது.

இப்போது வீட்டுக்கு அந்த மஞ்சள் இடுக்கிதான் வைத்திருக்கிறேன். (வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: தோலில் கொஞ்சம் சதை மிஞ்ச வேண்டும். மிஞ்சாவிட்டால் சாறு கசந்துவிடும்.) ஆனாலும் அந்த இரும்பை வீச முடியவில்லை. ஒவ்வொரு வருடமும் தலைநோன்புக்குச் சம்மந்தி வீட்டார் எல்லோரும் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். மன்னார்க் கசப்பு ஆளுக்கொரு கிளாஸ் குடித்தாக வேண்டும். கையால் பிழிந்தால் அந்தக் கசப்பு வராது. போன வருடம் சம்மந்தி, இது குடித்தால்தான் நோன்பு வந்த மாதிரி இருக்கிறது என்று பேரப்பிள்ளைகளுக்கும் ஊற்றிக் கொடுத்தார். எங்கள் வீட்டில் சோறு தீய்ந்தாலும், கறிக்கு உப்புக் கூடினாலும், றிஸானாவும் தம்பியும் என்னைப் பார்க்காமலே "மன்னார் வழக்கம்" என்று சொல்லிக்கொண்டு தின்பார்கள். மருமகனுக்கு மட்டும் அவர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்று தெரியாது.

டீச்சர், எழுத்துப் பிழையை நீங்கள் திருத்திக்கொள்ளுங்கள். அன்றைக்குப் பிழிந்தது நாற்பது தேசிக்காயா ஐம்பதா, மாப்பிள்ளையின் உம்மா வந்தது ஒன்பதாம் நாளா பத்தாம் நாளா என்பதையும் றிஸானாவிடம் கேட்டுச் சரி பாருங்கள். ஆனால் எல்லாவற்றுக்கும் முதல் இதைப் பாருங்கள்: மன்னார்ப் பக்கத்து வயசாளிகள் யாரையாவது கண்டால், எருக்கலம்பிட்டியிலோ முசலியிலோ விடத்தல்தீவிலோ எங்கேயாவது ஒரு வீட்டில், ஒரே ஒரு வருடமாவது, கசப்புக் குடித்து யாராவது நோன்பு திறந்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள். இருந்தால் நான் நோன்போடு சொன்ன அந்த "ஓம்" பொய்யாகாது. இல்லையென்றால், சம்மந்தி வீட்டுக்கு இந்த மலரைக் கொடுக்குமுன் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லிவிடுங்கள்.