ஆகஸ்ட் கடைசித் திங்கட்கிழமைக் கட்டில்

கடைக்குப் போனால் வாங்குகிறவர்கள், வாங்காதவர்கள் என்று இரண்டே ரகம் என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்? மூன்றாவதாக ஒரு ரகம் உண்டு: பேங்க் ஹாலிடே, அதாவது கடைகள் தள்ளுபடி போடும் அரசு விடுமுறைத் திங்கள், வரட்டும் என்று காத்திருப்பவர். இங்கிலாந்தில் எங்கள் ஊரான டான்காஸ்டரில் தெருவுக்கு இருவராவது தேறுவார்கள். அவர்களில் தலைசிறந்தவன் என் தம்பி டெரன்ஸ். கூடப்பிறந்தவன் என்பதற்காகச் சொல்லவில்லை. அடுத்த நான்கு தெருக்களையும் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

இந்த ரகத்தை அடையாளம் காண்பது எளிது. சாதாரண செவ்வாய்க்கிழமையில் கெட்டில் கெட்டுப்போனால், அடுத்த விடுமுறைத் திங்கள் வரை சாஸ்பேனில் தேநீருக்குத் தண்ணீர் காய்ச்சுவார். விலைச்சீட்டில் கோடு போட்டு அடித்திருக்கும் பழைய விலையைத்தான் முதலில் படிப்பார். பொருள் என்னவென்று பிறகு பார்ப்பார். ‘திங்களோடு முடிகிறது’ என்ற பலகையைக் கண்டால் மூச்சு வாங்கும். போன விடுமுறையிலும் இதேதானே முடிந்தது என்று சொல்லிப் பாருங்கள். “அது வேற திங்கள்” என்பார். மே மாத மழையில் ஒரு கையில் குடையும் மறு கையில் இடுக்கியுமாக, தள்ளுபடியில் வாங்கிய கரியடுப்பின்மேல் வேகவே வேகாத சாசேஜைப் புரட்டிக்கொண்டு, எவ்வளவு மிச்சம் பிடித்தேன் தெரியுமா என்று நனைந்த விருந்தாளிகளிடம் கேட்பார். வாங்காமலே இருந்திருந்தால் முழுவதும் மிச்சமாகியிருக்காதா? இதை மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

டெரன்ஸ் இந்த வருடம் புனித வெள்ளியன்று பழைய கட்டிலையும் மெத்தையையும் குப்பைக் கிடங்கில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டான். திங்கட்கிழமை ஈஸ்டர் தள்ளுபடி அல்லவா? திங்கட்கிழமை வந்தது. மே மாதத்தில் விலை இன்னும் இறங்கும் என்றான். மே மாதத்தில் வரும் இரண்டு விடுமுறைகளில் முதலாவதில் கடைக்குப் போனான்; இரண்டாவதில் இறங்கும் என்று திரும்பி வந்தான். இரண்டாவதில் நெடுஞ்சாலை நெரிசலில் மூன்று மணி நேரம் நின்றான்; போய்ச் சேர்வதற்குள் கடை மூடிவிட்டது. அதுவரையிலும் அதற்குப் பிறகும் அவன் மனைவி கிளெனிஸ் படுத்தது, காற்றடித்த ரப்பர் மெத்தையில். விடியும்போது காற்று இறங்கி, முதுகு தரையில் இருக்கும்.

ஆகஸ்ட் கடைசித் திங்களன்று அவள் என்னைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு சொல்லிவிட்டாள்:

“இதை விட்டா கிறிஸ்துமஸ் வரைக்கும் லீவே கிடையாது. இன்னிக்குக் கட்டில் வரல, நாளைக்கு நானே போய் முழு விலைக்கு வாங்குவேன்.”

“அக்கா, இவ பேசறதைக் கேட்டியா? முழு விலைக்காம்!” தம்பியின் முகம் வெளுத்துவிட்டது.

விடுமுறை நாளில் கடை நான்கு மணிக்கு மூடிவிடும். நாங்கள் நுழைந்தபோது மூன்று முப்பத்தைந்து. பாதி விலையில் ஒரே ஒரு கட்டில் மிச்சம். பணம் கட்டுமிடத்துக்குக் கொண்டுபோக வேண்டிய அதன் விலைச்சீட்டை எடுக்க டெரன்ஸ் கை நீட்டினான். அதே நொடியில் எதிர்ப்பக்கத்திலிருந்து பச்சைக் கம்பளிச் சட்டைக்காரர் ஒருவரும் கை நீட்டினார். வந்தது வினை!

“ஐயோ, மன்னிக்கணும். நீங்கதான் முதல்ல வந்தீங்க.”

“சேச்சே, நீங்கதாங்க. நான் சும்மா பாத்துக்கிட்டிருந்தேன்.”

“பாக்கறதும் வரிசையில நிக்கறதுதானே? எடுத்துக்குங்க.”

“உங்க கையிலேருந்து பிடுங்கிட்டுப் போனா எனக்குத் தூக்கம் வருமா?”

“டெரன்ஸ்!” என்று கத்தினாள் கிளெனிஸ். “வாயை மூடிக்கிட்டு அந்தச் சீட்டை எடு!”

“அவரு மனசு சங்கடப்படாதா?”

“என் முதுகு படற சங்கடத்தை யாருய்யா கேக்கறது?”

இருவரும் அவள் பக்கம் திரும்பி மன்னிப்புக் கேட்டார்கள். பிறகு, குறுக்கே பேசியதற்காக ஒருவரிடம் ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். மணி அடித்தது. விற்பனைப் பெண் விளக்கை அணைத்தபடி, “கடை மூடியாச்சுங்க. நாளையிலேருந்து பழைய விலை” என்றாள். டெரன்ஸும் கம்பளிச் சட்டைக்காரரும் கை குலுக்கிக்கொண்டார்கள். “எவ்வளவு தங்கமான மனுஷன்!” என்று வண்டியில் டெரன்ஸ் வழிநெடுக வியந்தான்.

கிளெனிஸ் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். செவ்வாய் காலை போய்ப் பணம் கட்டினாள். வியாழன் பிற்பகல் கட்டில் வந்தது. மணி இரண்டு நாற்பதுக்கு அதில் குறுக்காகப் படுத்தவள், ஐந்து மணிக்குத்தான் கண் விழித்தாள். டெரன்ஸ் அறை வாசலிலேயே நின்றான்.

“வாடா, நீயும் சாஞ்சு பாரேன்” என்றேன்.

“இதுல படுத்தா அந்த விலையை ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும் அக்கா. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் விலை இறங்கட்டும், படுத்துக்கறேன்.”

கட்டிலுக்குப் பக்கத்தில், தரையில், ரப்பர் மெத்தையில் அவன் இப்போது தனியாகப் படுக்கிறான். கொள்கைக்காரன். எங்கள் குடும்பத்தில் வேறு யாருக்கும் இந்த உறுதி இல்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள், சிரியுங்கள். ஒரே ஒரு கேள்வி. அந்தக் கட்டில் என்ன விலை என்று நான் கடைசிவரை சொல்லவே இல்லை. பாதி விலை என்றால் எவ்வளவு என்று நடுவில் ஒரு தரமாவது உங்கள் மனம் அரித்ததா? அரித்திருந்தால், உங்கள் வீட்டாரின் முதுகு சௌக்கியமா என்று இன்றைக்கே விசாரித்துவிடுங்கள்.