மூக்கு டிரஸ்ஸரும் இருபத்தேழு பாட்டிலும்

மலாயா முழுக்கச் சலித்துப் பார்த்தாலும், ஒரு பாட்டில் மூத்திரத்தை மோந்து பார்த்துவிட்டு, "நேத்து பெத்தாய் தின்னியே, எனக்கு ரெண்டு கொட்டை கொடுக்கத் தோணுச்சா?" என்று சண்டைக்கு வந்த மனிதர் ஒருத்தர்தான் இருந்திருப்பார். அவர் எங்கள் மூக்கு டிரஸ்ஸர். மூத்திரம் என்று எழுதியதற்கு வாசகர்கள் மன்னிக்கணும். நாசூக்காகச் சொல்ல நாலு தடவை முயன்று பார்த்தேன், முடியவில்லை. பெத்தாய் தெரியும்தானே? அந்தக் காட்டுக் கொட்டையைத் தின்றவன் மறுநாள் எங்கே ஒதுங்கினான் என்று ஊரே கண்டுபிடித்துவிடும்.

இதெல்லாம் இப்போது ஞாபகம் வந்ததற்குக் காரணம் என் மகள். சிங்கப்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். போன மாதம் பார்க்கப் போனபோது, வந்த அப்பாவுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் கையில் ஒரு குட்டி பாட்டிலைக் கொடுத்தாள். அங்கே அலமாரி மாதிரி ஒரு மெஷின். மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டராம். "ஒரு சொட்டு விட்டாப் போதும்ப்பா. அதுல இருக்கிறதை எல்லாம் துணுக்குத் துணுக்கா உடைச்சு, ஒவ்வொண்ணும் எவ்வளவு கனம்னு நிறுத்துச் சொல்லிடும். என்ன சாப்பிட்டீங்க, உடம்பு அதை என்ன பண்ணுச்சு, எல்லாம் தெரியும்" என்றாள். நேற்று எத்தனை காப்பி என்று கேட்டாள். ஒண்ணு என்றேன். மெஷின் ஒத்துக்கொள்ளவில்லை. நாலு என்பது எனக்கும் காப்பிக் கடைக்காரருக்கும் மட்டும் தெரிந்த விஷயம் என்று நினைத்திருந்தேன்.

அட, இந்த வேலையைத்தான் எங்கள் ஆள் ஜப்பான்காரன் காலத்தில், பாலோ ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், கரண்டு இல்லாமலே செய்துகொண்டிருந்தார்!

டிரஸ்ஸர் என்றால் டாக்டர் இல்லை. தோட்டத்து ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவர், மருந்து கலக்கிக் கொடுக்கிறவர். சண்டை வந்ததும் துரை ஓடிவிட்டார், மருந்தும் தீர்ந்துவிட்டது. டிரஸ்ஸரிடம் மிச்சம் இருந்தது ஒரு கிழிந்த கோட்டும் அந்த மூக்கும்தான். மூக்கென்றால் சாதாரண மூக்கா? அவர் திரும்புவதற்கு முன்னாலேயே அது திரும்பிவிடும். உடம்புக்கு முடியவில்லை என்று யார் போனாலும், "காலையில முதல் பாட்டிலைக் கொண்டா" என்பார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், கண்ணை மூடிக்கொண்டு மோப்பார். அரிசி இல்லாமல் மூணு வேளையும் மரவள்ளிக் கிழங்கு தின்று காலெல்லாம் வீங்கிக்கிடந்த சனங்களுக்கு, எங்கிருந்தோ தவிடு வாங்கிவந்து கஞ்சி காய்ச்சி ஊற்றினார். "நாங்க என்ன மாடா?" என்று சண்டை போட்டவர்களிடம், "மாட்டுக்குக் கால் வீங்கியிருக்கா? பார்த்துட்டு வந்து பேசு" என்பார்.

பொம்பளைகளிடம் பாட்டில் கேட்கமாட்டார். வாயால் ஊதச் சொல்வார். என் மனைவி செல்லம் அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. ஊதினாள். டிரஸ்ஸரின் முகம் மாறிவிட்டது.

"பழ வாசனை வருதே தாயி. பழம் தின்னியா?"

"பழத்துக்கு எங்க ஐயா போறது?"

"அப்பப் பட்டினி கிடக்கிற. சாப்பாடு இல்லாட்டி உடம்பு தன்னையே எரிச்சுக்கும், அதுக்குத்தான் இந்த வாசனை." தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தாவான என் பக்கம் திரும்பினார். "சின்னக் கிராணி, உன் தட்டுல இருந்தது யாரு பங்குன்னு தெரியுமா?"

தெரியாது. சத்தியமாகத் தெரியாது. சமைக்கும்போதே சாப்பிட்டுவிட்டேன் என்று செல்லம் தினமும் சொன்னதை நம்பியிருந்தேன். அன்றைக்கு எனக்கு வந்த வெட்கம் இன்னும் முழுசாகப் போகவில்லை.

அடுத்த வாரம்தான் இடி விழுந்தது. சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் வேண்டும் என்று ஜப்பான் அதிகாரி வந்தான். பக்கத்துத் தோட்டத்திலிருந்து போனவர்களில் ஒருத்தர்கூட அதுவரை திரும்பவில்லை. எங்கள் தோட்டத்தில் இருபத்தேழு பேர். பட்டியலை டைப் அடித்தவன் சின்னக் கிராணியாகிய நானே. பதினாலாவது பெயரை அடிக்கும்போது விரல் நின்றுவிட்டது. அது என் பெயர். குழந்தை பிறக்கும்போது நான் இருப்பேனா என்று செல்லம் கேட்கவில்லை, அழவும் இல்லை. என் சட்டையைத் துவைத்துத் துவைத்துக் காயப் போட்டுக்கொண்டே இருந்தாள்.

திடமான ஆள்தானா என்று டிரஸ்ஸர் பார்த்துச் சொல்லணும் என்பது அதிகாரியின் உத்தரவு. டிரஸ்ஸர் வழக்கம்போல, "நாளைக்குக் காலையில எல்லாரும் பாட்டிலோட வாங்க" என்றார்.

என் மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. அதுதான் தப்பு. எங்கள் பெரிய கங்காணிக்குச் சர்க்கரை வியாதி. அவர் ஒதுங்கிய இடத்தில் எறும்பு திருவிழா நடத்தும். நோயாளியைச் சயாமுக்குக் கொண்டுபோகமாட்டான் இல்லையா? இருபத்தேழு பேரும் கங்காணியின் சரக்கைக் கொண்டுபோனால்? இப்படி ஒரு யோசனையை நான் சொல்ல, எல்லாரும் என்னைப் பெரிய அறிவாளி என்று மெச்சினார்கள்.

விடிந்தும் விடியாமலும் கங்காணி வீட்டு வாசலில் பாட்டிலோடு கூட்டம். அந்த ஆளுக்கு வாழ்க்கையில் அவ்வளவு மரியாதை அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை. செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்துக்கொண்டே, "வரிசையா வாங்கடா, தள்ளாதீங்க! நான் ஒருத்தன்தானே இருக்கேன்!" என்று கத்தினார். கடைசியில் வந்தவர்களுக்குப் பத்தவில்லை. கிணற்றுத் தண்ணீர் கலந்து சமாளித்தோம்.

ஆஸ்பத்திரி வாசலில் பெஞ்சு போட்டு, பெஞ்சு மேல் இருபத்தேழு பாட்டில். பக்கத்தில் வாளோடு அதிகாரி. டிரஸ்ஸர் முதல் பாட்டிலை மோந்தார். நிமிர்ந்தார். இரண்டாவதை மோந்தார். மூன்றாவதை மோந்துவிட்டு மெதுவாகக் கங்காணியைத் திரும்பிப் பார்த்தார். கங்காணி வானத்தைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அலமாக்! முந்தின நாள் கங்காணி வீட்டில் பெத்தாய்ச் சம்பல்! ஒரு துண்டு பெத்தாயைக்கூட விடாத அந்த மூக்குக்கு முன்னால், ஒரே ஆளை இருபத்தேழு பாட்டிலில் ஊற்றிவைத்திருக்கிறேனே, நான் மனுஷனா? உண்மை தெரிந்தால் சயாம்கூட இல்லை, அங்கேயே தலை போய்விடும்.

கடைசிப் பாட்டில்வரை அவர் பொறுமையாக மோந்தார். பிறகு குனிந்து வணங்கி, "செமுவா சாக்கிட், துவான்" என்றார். எல்லாருக்கும் நோய், ஐயா என்று அர்த்தம்.

அதிகாரி நம்பவில்லை. "எல்லாருக்குமா? ஒரே நோயா?" என்று உடைந்த மலாயில் அதட்டினான்.

"ஒரே கிணறு, துவான். ஒட்டுற நோய். எறும்பைப் பாருங்க." எறும்பு உண்மையிலேயே வரிசை கட்டி ஏறிக்கொண்டிருந்தது. டிரஸ்ஸர் விடவில்லை. முதல் பாட்டிலை இரண்டு கையாலும் பயபக்தியோடு நீட்டினார். "சந்தேகம்னா துவானே மோந்து பாருங்க."

குனிந்தான். அவ்வளவுதான். கைக்குட்டையை மூக்கில் அழுத்தியவன், லாரியில் ஏறி உட்காரும்வரை எடுக்கவில்லை. லாரி காலியாகப் போனது.

லாரிச் சத்தம் அடங்கியதுதான் தாமதம், பிடித்துக்கொண்டார். "ஏன்யா, என் மூக்கை என்னன்னு நினைச்சீங்க? முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஆளுக்கொரு நோயா நானே பிரிச்சுக் கொடுத்திருப்பேனே! கங்காணி, தானம் பண்றவன் பெத்தாயா தின்பான்? இதுல எவனோ தண்ணி வேற கலந்திருக்கான்!" இருபத்தேழு பேருக்கும் ஒரு மாதம் தவிட்டுக் கஞ்சி என்று தண்டனை விதித்தார். செல்லத்துக்குக் கஞ்சியோடு ஒரு முட்டையும் தினமும் வந்தது. அவர் வளர்த்ததே இரண்டு கோழிதான்.

சண்டை முடிந்ததும், பத்து பாகாட் என்கிற ஊரில் சொந்தக்காரர் இருப்பதாகச் சொல்லிச் சைக்கிளில் கிளம்பிப் போனார். அப்புறம் தகவலே இல்லை. அவர் பெயரைக்கூடக் கேட்டுவைக்கவில்லையே நான், மடையன்.

இதையெல்லாம் அந்த மெஷின் பக்கத்தில் நின்றபடியே மகளிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு, "என்ன இருந்தாலும் நாலு காப்பி நாலு காப்பிதான். மெஷின் பொய் சொல்லாதுப்பா" என்றாள்.

"சொல்லாதுதான் தாயி. அன்னைக்கு அந்த மூக்கு ஒரு பொய் சொல்லுச்சு. அதனாலதான் நீ பிறந்தப்ப தூக்கிக்க நான் இருந்தேன்" என்றேன்.