தண்ணீர்ப் படத்தை அழித்தது யார்?

அர்ச்சுனனின் டேப்லெட்டில் தண்ணீர்ப் படத்தைக் காணோம். போன வாரம் சோற்றுப் படம் போயிருந்தது. கை தவறி அழிந்திருக்கும் என்று கோகிலவாணி பேசாமல் இருந்துவிட்டாள். சோறும் போய்த் தண்ணீரும் போனால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

அவள் கடத்தூர்ப் பக்கத்து ஊர்களுக்கெல்லாம் பேச்சுப் பயிற்சி கொடுப்பவள். பக்கவாதத்தில் பேச்சை இழந்த அர்ச்சுனனுக்கு, படத்தைத் தொட்டால் அவருக்காகப் பேசும் அந்த டேப்லெட்டை அலைந்து திரிந்து வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான். அவருக்கு இருக்கிற ஒரே வாய் அது.

"யாரு அழிச்சதுங்க?"

"எனக்கென்னங்க தெரியும்," என்று அவர் மனைவி தீர்த்தம்மாள் மோர் கொண்டுவர உள்ளே போய்விட்டாள். அவளுடைய தம்பி முருகன் செல்போனுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அர்ச்சுனன் உதட்டை இறுக மூடிக் கூரையைப் பார்த்தார்.

கோகிலவாணி படங்களைத் திரும்ப ஏற்றினாள். அடுத்த வாரம் அவற்றோடு வலிப் படமும் போயிருந்தது. பாஸ்வேர்டு போட்டுப் பூட்டினாள். அதற்கடுத்த வாரம் பூட்டும் இல்லை, 'வேண்டாம்' படமும் இல்லை.

வேண்டாம் என்று சொல்ல வழியில்லாத மனுஷனிடம் எதில் வேண்டுமானாலும் கைநாட்டு வாங்கிவிடலாமே. அவருடைய கிணற்று மேட்டு நிலத்தை யாரோ வந்து பார்த்துப் போனதாக ஊரில் பேச்சு வேறு.

"வெள்ளிக்கிழமை வராதீங்க," என்றான் முருகன். "ஒரு வேண்டுதலு. மாமாவக் கூட்டிக்கிட்டுத் தீர்த்தமலைக்குப் போறோம்."

தீர்த்தமலைக்கு அரூர் வழியாகப் போகவேண்டும். அரூரில் இல்லாத பத்திர ஆபீசா?

"இதுல உங்களுக்கு இஷ்டந்தானுங்களா?" என்று அவள் அர்ச்சுனனையே கேட்டாள். அவர் தலையைப் பலமாக ஆட்டினார். நன்றாக மிரட்டி வைத்திருக்கிறார்கள் என்று அவளுக்குப் புரிந்துபோனது.

போலீசுக்குப் போகச் சாட்சி வேண்டும். பூட்டை எடுக்கத் தெரிந்தவன் கடத்தூரில் செல்போன் கடை வைத்திருக்கும் அருண்குமார்தான். நேரே போய், முருகன்தானே டேப்லெட்டைக் கொண்டுவந்தான், உண்மையைச் சொல்லாவிட்டால் உன் பெயரும் புகாரில் வரும் என்று மிரட்டினாள்.

அருண்குமார் கடை வாசலை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னான்.

"முருகண்ணன் மாமாவ வண்டியில கூட்டிக்கிட்டு வந்ததோட சரிங்க மேடம். மலைக்குப் போயி சாமிகிட்டப் பேசற வரைக்கும் உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு வேண்டுதலாம். பூட்ட எடுக்கச் சொன்னதே அர்ச்சுனன் மாமாதான், வாயில வந்துட்ட வார்த்தைக்கெல்லாம் படம் எதுக்குன்னு அவரே திக்கித் திக்கிக் கேட்டாரு."