கதவடைத்தவன் கட்சி

காப்பிய வக்கீல் என்றொரு இனம் உண்டு. கறுப்பு அங்கி கிடையாது; கட்சிக்காரர் உயிரோடு இருக்க வேண்டிய அவசியமும் கிடையாது. பக்திக் காப்பியம் ஒன்றை எடுத்து, அதில் ஏதாவது ஒரு பாத்திரத்தைத் தத்தெடுத்து, அதன் மேல் ஒரு தூசு விழுந்தாலும் தன் மேல் விழுந்ததாகத் துடித்து, கூட்டத்தில், கடையில், பஸ் நெரிசலில், இழவு வீட்டில்கூட விடாமல் வாதாடுகிறவர் அவர். அவரைப் பெற்ற தகப்பனைத் திட்டிப் பாருங்கள், சிரித்துக்கொண்டு போய்விடுவார். பாத்திரத்தைத் தொட்டீர்களோ, தொலைந்தீர்கள்.

எங்கள் தெருவில் அப்படி இரண்டு பேர். ஒருவர் பல் டாக்டர். மற்றவர் எதிர்வரிசையில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். வழக்கு இதுதான். இவர்கள் பிடித்துக்கொண்ட காப்பியத்தில் ஓர் அண்ணனும் தம்பியும். தம்பி கோட்டைக் காவலன். பொழுது சாய்ந்தபின் யாருக்கும் கதவைத் திறப்பதில்லை என்று தெய்வத்தின் முன்னால் சத்தியம் செய்தவன். போரில் வெட்டுப்பட்டு, இருட்டிய பிறகு வந்து கதவைத் தட்டுகிறான் அண்ணன். தம்பி திறக்கவில்லை. அண்ணன் வாசலிலேயே உயிரை விடுகிறான். தம்பி சத்தியவான் என்பது டாக்டர் கட்சி. படுபாவி என்பது கண்ணாடிக்கடைக் கட்சி. பாடிய கவிஞரோ கடைசிப் படலத்தில் இருவரையும் ஒரே தெய்வத்தின் காலடியில் சேர்த்துவைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டார். "அந்த இடத்துல கவிஞருக்கே சரியா புரியல" என்பார்கள் இருவரும். இந்த ஒரு விஷயத்தில்தான் அவர்களுக்குள் ஒற்றுமை.

வாதாடும் வசதி டாக்டருக்குக் கொஞ்சம் அதிகம். எதிராளியைச் சாய்த்துப் படுக்கவைத்து, வாயைப் பிளக்கச் சொல்லி, பஞ்சையும் திணித்த பிறகுதான் அவர் பேச்சைத் தொடங்குவார். "வலிக்குதா? வலிக்கும். தம்பிக்கும் இப்படித்தான் வலிச்சிருக்கும். அழுதுக்கிட்டேதானே உள்ள நின்னான்." நோயாளி முனகினால் அது ஆமோதிப்பு. கண்ணாடிக்கடைக்காரர் மட்டும் இளைத்தவரா? கண் பார்வையைச் சோதிக்கும் எழுத்துப் பலகையின் அடிவரியில், பொடி எழுத்தில், அண்ணன் கதவைத் தட்டும் செய்யுளை ஒட்டிவைத்திருக்கிறார். அதைப் படித்துக் கண் கலங்காதவருக்குப் பார்வை சரியில்லை என்று தீர்மானித்து, இன்னும் தடித்த கண்ணாடியாக எடுத்து மாட்டுவார்.

இப்படியே போயிருந்தால் தெருவுக்கு நல்ல பொழுதுபோக்கு. ஆனால் டாக்டர் மகனுக்குக் கண்ணாடிக்கடை மகள்மேல் ஆசை வந்தது. அவளுக்கும் அப்படியே. வேறு எந்தக் குறையும் சொல்ல முடியாத பொருத்தம். அம்மாக்கள் இருவரும் கலந்து பேசி, சம்பந்தம் முடிகிற வரை காப்பியத்தைப் பற்றி மூச்சு விடக் கூடாது என்று கணவன்மாரிடம் உறுதி வாங்கிக்கொண்டு, டாக்டர் வீட்டுக் கூடத்தில் உட்காரவைத்தார்கள். எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. சம்பளம் பேசினார்கள், படிப்பு பேசினார்கள், முழங்கால் வலிகூடப் பேசினார்கள்.

"மாடியிலயே இருந்துக்கட்டும். தனியா ஒரு கதவு வச்சுக் குடுத்துடுறேன்" என்றார் டாக்டர், பெருந்தன்மையாக.

கண்ணாடிக்கடைக்காரர் கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். "தட்டினா திறப்பீங்கல்ல?"

போச்சு.

"சத்தியம்னா என்னன்னு தெரியாத வீட்ல பொண்ணு எடுக்கணும்னு எனக்குத் தலையெழுத்தா?" என்று எழுந்தார் டாக்டர். "கூடப்பொறந்தவன் செத்தாலும் கதவைச் சாத்துற வீட்டுக்கு என் பொண்ணை அனுப்ப மாட்டேன்" என்று செருப்பைத் தேடினார் மற்றவர். காலை மாற்றி மாட்டிக்கொண்டு போனார் பாவம்.

"என்னைக்கோ செத்தவனுக்கு இவ்வளவு பரிஞ்சு பேசுறீங்களே, உங்க பையனுக்காக ஒரு வார்த்தை பேசக் கூடாதா?" என்று டாக்டரின் மனைவி கேட்டார்.

"அவன் காப்பியத்துல இல்லையே" என்றார் டாக்டர். கிண்டலாகச் சொன்னார் என்று நினைக்காதீர்கள். யோசித்துத்தான் சொன்னார்.

பிள்ளைகள் எத்தனை நாள் பொறுப்பார்கள்? ஒருநாள் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பட்டப்பகலில், ஆளுக்கொரு பையோடு டாக்டர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. நானும்தான், வெட்கமில்லாமல்.

கதவைத் திறந்த டாக்டருக்கு முதலில் முகம் மலர்ந்தது. அதை நான் கண்ணால் பார்த்தேன். பெற்ற மனம் வேறு எப்படி இருக்கும்? பைகளை வாங்கக் கையைக்கூட நீட்டிவிட்டார். அப்போது பார்த்து எதிர்க்கடை வாசலில், கையைக் கட்டிக்கொண்டு, புன்னகையோடு நின்றார் கண்ணாடிக்கடைக்காரர். இவர் இப்போது வழிவிட்டால் அங்கே அண்ணன் கட்சிக்கு வெற்றி. அத்தனை வருட வாதமும் பாழ். நீட்டிய கை மெதுவாகத் திரும்பிப் போய்க் கதவைப் பிடித்தது.

"அப்பா, எதிர்க்கடையைப் பாக்காதீங்க. என்னைப் பாருங்க" என்றான் மகன்.

டாக்டர் பார்க்கவில்லை. கதவைச் சாத்திவிட்டார். கல்நெஞ்சக்காரர் என்று சொல்ல மாட்டேன். தோற்கத் தெரியாதவர், அவ்வளவுதான்.

அந்தப் பக்கம் கண்ணாடிக்கடைக்காரர் கடைக்கதவையும் வீட்டுக்கதவையும் சேர்த்து விரியத் திறந்துவிட்டார். "பாத்துக்கங்க. எங்க கட்சி எப்பவும் கதவைத் திறந்துதான் வைக்கும்" என்றார். மகளிடம் சொல்லவில்லை, தெருவைப் பார்த்துச் சொன்னார்.

மகள் அந்த வாசற்படியில் கால் வைக்கவில்லை. "நாங்க யார் கட்சியும் இல்லப்பா" என்றாள். இருவரும் பைகளைத் தூக்கிக்கொண்டு தெருமுனை திரும்பிப் போய்விட்டார்கள். இரண்டு அம்மாக்களும் இரண்டு ஜன்னலில் நின்று அழுதார்கள்.

நீங்கள் இந்த இனமில்லை என்று நிம்மதியாக இருக்கிறீர்கள், இல்லையா? இருங்கள். கதவைச் சாத்திய டாக்டர்மேல் தப்பா, ஊருக்காகத் திறந்த கண்ணாடிக்கடைக்காரர்மேல் தப்பா, கோபத்தை விழுங்கிக்கொண்டு அந்தப் பெண் உள்ளே போயிருக்கலாமா என்று இதற்குள் ஒரு தீர்ப்பு எழுதியிருப்பீர்களே? எதிர்த்துப் பேச ஆள் கிடைத்தால் நாலு பாயிண்டும் சொல்வீர்கள். நல்லது. அந்தப் பிள்ளைகள் அன்றைக்கு எங்கே போய்த் தங்கினார்கள் என்று கேட்க மட்டும் உங்களுக்குத் தோன்றவில்லை.